மீனம்பாக்கமும் மணியாச்சியும்



1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வெடிகுண்டு வெடித்தது. கொழும்பு விமானத்திற்கெனப் பதிவு செய்தவர் ஏறாமையால் விடப்பட்ட பெட்டிகளில் அஃது இருந்தது. சுமார் 30 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் இலங்கைப் பயணிகள். நான் அப்போது தாம்பரத்தில் பணியிற் சேர்ந்து சில திங்களே ஆன இளம் ஆசிரியன். மறுநாள் வரலாற்று வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, இதைச் செய்தவர்கள் போராளிகளா, கொலைகாரர்களா?" என்று வினவினான். "பாடத்தைக் கவனி, தம்பி" என்று கூறி அவனை அமரச் செய்தேன். விடை கூறாமைக்குக் காரணம் நேரமின்மை அன்று, துணிவின்மையே.

1983 ஜூலையில் இலங்கைத் தமிழர்க்கு இழைக்கப்பட்ட கொடுமையால் தமிழகம் கொதித்திருந்த காலம் அது. ஆயுதம் ஏந்திய ஈழத்து இளைஞரை நம் நாளேடுகள் பலவும் 'போராளிகள்' என்றே எழுதின. பின்னர் 1991 மே 21இல், தாம்பரத்திற்கு மேற்கேயுள்ள ஸ்ரீபெரும்புதூரில், ராஜீவ் காந்தியும் உடனிருந்த பலரும் மனித வெடிகுண்டினால் கொல்லப்பட்டனர். அதன்பின் 'பயங்கரவாதிகள்' என்னும் சொல் அச்சில் பெருகிற்று. இரு நிகழ்ச்சிகளிலும் குழுக்கள் வேறு. ஆயினும் குற்றமற்றோர் மாண்டது இரண்டிலும் ஒன்றே. நம் உணர்ச்சி மாறியவாறே நம் சொல்லும் மாறிற்று.

இம்மாற்றம் புதியதன்று. 1911 ஜூன் 17இல், மணியாச்சிச் சந்திப்பில் நின்ற இரயில் பெட்டியில், திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தம்மையும் சுட்டுக்கொண்டார். 1918இல் வெளிவந்த ரௌலட் குழுவின் அறிக்கை அச்செயலை அரசத் துரோகக் குற்றங்களுள் வைத்தது. நாடு விடுதலை பெற்றபின், அந்நிலையமே 'வாஞ்சி மணியாச்சி' எனப் பெயர் பெற்றது. அவர் விட்டுச் சென்ற கடிதத்தில் நாட்டுப்பற்றோடு சனாதன தர்மமும் பேசப்படுகின்றது. ஆதலின் அவரைப் பற்றிய கருத்து இன்றும் ஒருமைப்படவில்லை.

ஒரே செயலுக்கு ஓர் அரசு குற்றமென்றும், பின்வந்த அரசு தியாகமென்றும் பெயரிடுமாயின், அறம் என்பதே இல்லையோ என்று நீங்கள் ஐயுறலாம். அவ்வாறன்று. பெயர்தான் ஆள்வோரைப் பொறுத்தது. செயல் அவ்வாறு மாறுவதில்லை. ஆகவே பெயரை ஒதுக்கிவிட்டுச் செயலை நோக்குக. தாக்கப்பட்டவர் யார்? வாஞ்சி ஆட்சியாளர் ஒருவரைக் குறிவைத்தார். அருகிலிருந்த அவர் மனைவியைச் சுடவில்லை. மீனம்பாக்கத்துக் குண்டோ பெட்டிக்கருகில் நின்றவர் எவராயினும் கொல்வது. இவ்வேறுபாடு பெரிது. எனினும் அதனால் முன்னது அறமாகிவிடாது. 1909இல் இலண்டனில் கர்சன் வைலியை மதன்லால் திங்கரா சுட்டபோது, அதைக் கண்டித்த காந்தியடிகள், அவ்வாண்டே எழுதிய 'இந்து சுயராஜ்யம்' என்னும் நூலில், கொலைவழி வரும் ஆட்சி மக்களுக்கு நலம் தாராது என வாதித்தார்.

இவ்வளவுகோல் அரசுக்கும் பொருந்தும். 'பயங்கரம்' என்பதை அரசியற் சொல்லாக்கியதே 1793-94ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி அரசு நடத்திய கொலையாட்சிதான். 1919இல் ஜாலியன்வாலாபாக்கில், அரசுக் கணக்கின்படியே 379 பேரைக் கொன்றவர்கள் சீருடை அணிந்த படையினர். சீருடை அணிந்தமையால் கொலை வேறாகிவிடுமோ?

எனவே, நாளேட்டிலோ தொலைக்காட்சியிலோ 'தீவிரவாதி', 'தியாகி' என்னும் சொற்களைக் காணும்போது சற்றே நில்லுங்கள். செத்தவர் யார், அவர் செய்த பிழை யாது என்று முதலில் கேளுங்கள். இதே செயலை நாம் வெறுப்பவர் செய்திருந்தால் எச்சொல்லை வழங்குவோம் என்று அடுத்துக் கேளுங்கள். துன்புற்றோரின் குறை உண்மையானதாக இருக்கலாம். இலங்கைத் தமிழர் குறை உண்மையானதே. ஆனால் அக்குறை, விமானத்திற்குக் காத்திருந்த பயணியின் உயிரைப் பறிக்கும் உரிமையை எவருக்கும் அளிக்கவில்லை.

நாற்பது ஆண்டுகட்கு மேலாயின. அம்மாணவன் இன்று எங்குள்ளானோ அறியேன். அவன் இதனைக் கேட்டுக்கொண்டிருப்பானாயின், அவனுக்கு என் விடை இது: தம்பி, அவர்கள் போராடியது எதற்காகவாயினும் ஆகுக, அன்றிரவு அவர்கள் செய்தது கொலை. இதனை அன்றே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.