அனிலீன்: சாயமும் நோயும்

அவுரிச் செடி தரும் நீலச்சாயத்தை வடமொழியாளர் நீலி என வழங்கினர். அச்சொல் அரபு மொழி வழியே போர்த்துக்கீசியத்தை அடைந்து 'அனில்' ஆயிற்று. 1826-இல் செருமானியராகிய உன்வெர்டோர்பென் அந்நீலத்தைக் காய்ச்சி வடித்து, எண்ணெய் போன்ற நீர்மம் ஒன்றைப் பெற்றார். 1840-இல் பிரிட்சே என்பார் அதனையே நீலத்திலிருந்து வேறு முறையிற் பெற்று, 'அனிலீன்' எனப் பெயரிட்டார். 1834-இல் ரூங்கே நிலக்கரித் தாரிலிருந்து பிரித்த பொருளும் இதுவே என 1843-இல் ஆஃப்மன் நிறுவினார்.

ஆறு கரிய அணுக்கள் வளையமாக நிற்க, அவற்றுள் ஒன்றோடு அமைன் தொகுதி சேர்ந்து நிற்பது அனிலீன். 1856-இல் பதினெட்டு வயதினரான பெர்க்கின், இலண்டனில் கொயினாவைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். கிடைத்ததோ அனிலீனிலிருந்து தோன்றிய ஊதாச் சாயம்! அதன்பின் ஐரோப்பாவில் சாய ஆலைகள் பெருகின.

ஆடைக்கு நிறம் வந்தது. ஆலையில் உழைத்தவர் உடலுக்கு வந்தது யாது? 1895-இல் பிராங்க்பர்ட் நகர அறுவை மருத்துவர் இலுத்விக் ரேன், ஃபூக்சின் என்னும் செஞ்சாயம் செய்த 45 தொழிலாளருள் மூவர்க்குச் சிறுநீர்ப்பையில் கட்டி கண்டதை அறிவித்தார். நோய்க்கு 'அனிலீன் புற்று' என்ற பெயரும் நிலைத்தது.

எனினும், பழி முழுதும் அனிலீனைச் சார்ந்ததன்று. 1921-இல் அனைத்துலகத் தொழில் அலுவலகம் பென்சிடின், பீட்டா-நாப்தைலமின் ஆகியவற்றைச் சுட்டியது. அனிலீனைப் போன்று இவையும் அமைன்களே; ஆனால் வளையம் இரண்டுடையவை. 1938-இல் ஊப்பர் குழுவினர் பீட்டா-நாப்தைலமின் நாய்களின் சிறுநீர்ப்பையிற் புற்று விளைத்தலைக் காட்டினர். 1954-இல் கேசு குழுவினர் பிரித்தானியத் தொழிலாளரை ஆராய்ந்து, இவ்விரண்டின் குற்றத்தையும் உறுதி செய்தனர். அந்நாட்டில் தடைச்சட்டம் வந்ததோ 1967-இல். 1921-இன் எச்சரிக்கைக்கும் அதற்கும் இடையே 46 ஆண்டுகள்! நோயோ, பணி விட்டுப் பல்லாண்டு கழிந்தும் தோன்றும் இயல்பினது.

அனிலீனும் தீங்கற்றதன்று. அது தோல் வழியாகவும் உடலிற் புகும். குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும். உதடும் நகமும் நீலமாகும். நீலத்தாற் பெயர்பெற்ற பொருள் மாந்தரையும் நீலமாக்குகிறது! 2020-இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இதனையும் 'புற்று விளைக்கக்கூடும்' என்னும் வகையிற் சேர்த்தது.

பெர்க்கினின் ஊதாவை மாணவர்க்குக் கூறும் ஆசிரியர், ரேன் கண்ட அந்த 45 பேரையும் உடன் கூறுதல் வேண்டும். அப்பொழுதே அவ்வரலாறு முழுமை பெறும்.