கையெழுத்து இல்லாத சுவர்

சிதறால் மலையில் ஏறி இறங்கியதில் கால்வலி இரண்டு நாளில் போய்விட்டது. ஒரு சிறு விஷயம் மட்டும் மனத்தைவிட்டுப் போகவில்லை. பாறையில் வரிசையாக வீற்றிருக்கிறார்களே தீர்த்தங்கரர்கள், அவர்களுக்குக் கீழே ஒன்பதாம் நூற்றாண்டு வட்டெழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. அச்சணந்தி என்று ஒருவர். சிற்பியாக்கும் என்று நினைத்தேன். இல்லையாம், செதுக்குவித்தவராம்! உளி பிடித்தவன் பெயர் அங்கே இல்லை.

அந்த நினைப்போடேயே பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனேன். (தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் அரண்மனை, 1956-க்குப் பிறகும் கேரள அரசின் பராமரிப்பு.) உப்பரிகை மாளிகையில் கீழே கருவூலம், அதற்கு மேலே மன்னரின் பள்ளியறை, உச்சியில் பத்மநாபசுவாமிக்கென்றே ஓர் அறை. மார்த்தாண்ட வர்மா 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்தார். 1750-இல் ராஜ்யத்தையே சுவாமிக்கு எழுதி வைத்தார். அவர் காலத்து அந்த அறையின் சுவரெல்லாம் சித்திரம். பழுதாகிவிடும் என்ற நியாயமான பயத்தால் மேலே பொதுவாக யாரையும் விடுவதில்லை. அச்சிட்ட படங்களைப் பார்த்துத்தான் ஆறுதலடைந்தேன்.

அதே காலத்தில் பாரிஸில் பிரான்ஸ்வா பூஷே என்ற ஓவியர் கொடிகட்டிப் பறந்தார். 1703-இல் பிறந்தவர். குளச்சல் போருக்கு முந்தின வருஷம்தான் கடல் நுரைமேல் வீனஸ் தேவி பவனி வரும் படத்தை எழுதினார். பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி பொம்பதூர் சீமாட்டி அவரைத் தாங்கினாள். 1765-இல் அரசரின் முதல் ஓவியர் என்ற பட்டமும் வந்தது. ரோஜா நிறம், வெளிர்நீலம், கொழுகொழுவென்று குழந்தைகள்! இந்தப் பாணிக்கு ரொக்கோக்கோ என்று பெயர். கூழாங்கல்லும் கிளிஞ்சலும் பதித்த அலங்காரத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. திருவிதாங்கூரின் சின்னமும் சங்குதான் என்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

திதரோ என்ற விமர்சகர் பூஷேயை வறுத்தெடுத்தார். 1770-இல் அவர் கண்ணை மூடினார். புரட்சி வந்ததும் அவருடைய மவுசும் போயிற்று. ஆனாலும் படங்களில் கையெழுத்து இருந்தது. அடுத்த நூற்றாண்டில் கான்கூர் சகோதரர்கள் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று தேட வேண்டியிருக்கவில்லை.

நம் ஓவியனைப் பற்றி எழுத யார் உட்கார முடியும்? அவன் பெயரில்லை, ஊரில்லை. மிஞ்சியிருப்பது அவன் வேலைமுறை மட்டும். பூச்சின்மேல் இளநீர் கலந்த சுண்ணாம்பைப் பலமுறை பூசி உலர்த்துவான். காவிக்கல்லையும் மஞ்சள்கல்லையும் அரைப்பான். விளக்குக்கரி சேர்ப்பான். அனந்தசயனருக்கும் ஆதிசேஷனுக்கும் வண்ணமிட்டு முடித்த பிறகு, கடைசியாகக் கறுப்புக் கோடு இழுப்பான். அதோடு அவன் வேலை முடிந்தது. தூரிகையைக் கழுவிவிட்டுக் கீழே இறங்கிவிட்டான்.