ஊடல்

அன்புக்குரியவரிடம் முகங்கொடுக்காமல் பிணங்கியிருக்கும் கோபத்துக்கு ஊடல் என்று பெயர். பகைவரிடம் யாரும் ஊடுவதில்லை. சமாதானம் செய்ய ஆள் வரும் என்ற நம்பிக்கை உள்ளே இருந்தால்தான் அது ஊடல். அந்த நம்பிக்கை அற்றுப்போனால் பிரிவு. இதன் இளைய நிலையைப் புலவி என்றும், முதிர்ந்த நிலையைத் துனி என்றும் திருக்குறள் உரையில் பரிமேலழகர் பிரித்துக் காட்டுகிறார்.

ஆங்கிலத்தில் இதற்குப் பக்கத்தில் வரும் சொற்களில் ஒன்று 'டட்ஜன்'. மனம் புண்பட்டு விறைத்துக்கொள்ளும் கோபத்தை அது குறிக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து எழுத்தில் காணப்படும் இச்சொல்லின் வேர் இன்றுவரை தெளிவாகவில்லை. கத்திப்பிடி செய்யும் மரத்துக்கும் அதே பெயர் இருந்தது. இரண்டையும் இணைக்கச் சான்று கிடைக்கவில்லை. பிரெஞ்சில் வேர் தெளிவு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதைக் குறிக்கும் வினையிலிருந்துதான் சீமாட்டிகளின் தனியறைக்கு 'பூத்வார்' என்ற பெயர் வந்தது. வால்மீகி ராமாயணத்திலும் கைகேயி கோபித்துக்கொண்டு புகுவதற்கென்று குரோதாகாரம் என்ற அறை அரண்மனையிலேயே இருக்கிறது. தமிழ் மரபில் ஊடலுக்குத் தனி அறை கிடையாது. வீட்டு வாசலிலேயே அது நடக்கிறது.

தொல்காப்பிய மரபில் ஊடலும் அதற்கான நிமித்தமும் மருதத் திணைக்கு உரியவை. பரத்தையிடம் போய்வந்த தலைவன் தலைவாசலில் நிற்பான். தலைவி உள்ளே விடமாட்டாள். அவனுக்காகத் தூது பேச வருபவர்களுக்கு இலக்கணம் இட்ட பெயரே 'வாயில்கள்'. தோழி, தாய், பாணன், விறலி, விருந்தினர் என்று பன்னிரண்டு பேரைத் தொல்காப்பியக் கற்பியல் அடுக்குகிறது. தூதை ஏற்பது வாயில் நேர்தல், தள்ளுவது வாயில் மறுத்தல். ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருத நூற்றில் 'புலவிப் பத்து' என்றே ஒரு பகுதி உண்டு. உரையாசிரியர்கள் இதையெல்லாம் காதல் விளையாட்டாகவே விளக்கிச் சென்றார்கள். ஆனால் தவறு செய்துவிட்டு வந்தவனை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்க அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த ஒரே உரிமை அது என்பதை மறந்துவிட்டு மருதப் பாட்டைப் படிப்பது நியாயமாகாது.

திருவள்ளுவர் பரத்தையை இந்த இடத்தில் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார். புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை ஆகிய மூன்று அதிகாரங்கள், 1301 முதல் 1330 வரையிலான குறள்கள், நூலின் கடைசியில் ஊடலுக்கே ஒதுக்கப்பட்டவை. கணவன் தும்முகிறான், மனைவி வாழ்த்துகிறாள், உடனே, எவள் நினைத்ததால் தும்மினாய் என்று அழுகிறாள். அடுத்த முறை அவன் தும்மலை அடக்கிக்கொள்கிறான். யாரோ நினைப்பதை மறைக்கிறாய் என்று அதற்கும் அழுகிறாள். ஊடல் உணவில் உப்பைப் போல அளவோடு இருக்க வேண்டும் என்றும் வள்ளுவரே சொல்லியிருக்கிறார்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்குச் சிலப்பதிகாரம் சாட்சி. புகார்க் கடற்கரையில் கானல்வரியில் மூண்ட ஊடலில் கோவலன் எழுந்து போய்விடுகிறான். மாதவி எழுதித் தோழி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பிய மடலை அவன் வாங்க மறுக்கிறான். வாயில் மறுத்தவன் இங்கே ஆண். அங்கிருந்து கதை மதுரைத் தீயில் போய் நிற்கிறது. மதுரையை எரித்த கண்ணகி சினம் தணிந்து அமர்ந்த இடம் பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி சாலையை ஒட்டிய சிறுவாச்சூர் என்று அப்பகுதி மக்கள் நம்புகிறார்கள். அங்குள்ள மதுரகாளியம்மனை மதுரையிலிருந்து வந்த காளி என்றே சொல்வார்கள். 

ஊடலைப் போர்க்காவியத்துக்குள் கொண்டுவந்தவர் செயங்கொண்டார். முதலாம் குலோத்துங்கனின் படை கருணாகரத் தொண்டைமான் தலைமையில் 1110ஐ ஒட்டிக் கலிங்கத்தை வென்றதைப் பாடும் கலிங்கத்துப்பரணியில், கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வருவது 'கடை திறப்பு'. போருக்குப் போன கணவர் சொன்ன நாளில் திரும்பவில்லை. பெண்கள் ஊடிக் கதவடைத்திருக்கிறார்கள். வெற்றிச் செய்தி பாட வந்தோம், திறவுங்கள் என்று வாசலில் நின்று கேட்கிறது பாட்டு. அதில் ஓரிடம் மறக்க முடியாதது. வருவான் என்று திறப்பதும் வரமாட்டான் என்று சாத்துவதுமாக விடியும்வரை ஒருத்தி தவிக்க, கதவின் குடுமி தேய்ந்துபோகிறது. பழைய மரக்கதவுகளுக்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் நீட்டிய குடுமி குழிக்குள் சுழலும். அது தேயும் அளவுக்கு ஓர் இரவு! கோபமும் ஏக்கமும் ஒரே கையால் ஒரே கதவைத் தள்ளியிழுப்பதை இவ்வளவு கண்கூடாகக் காட்டிய வேறு பாட்டை நான் அறியேன்.

  

கோயில்கள் ஊடலை ஆண்டு விழாவாக்கின. திருவண்ணாமலையில் தை இரண்டாம் நாள் திருவூடல். உண்ணாமுலையம்மன், தன்னை வணங்காத பிருங்கி முனிவருக்கு இறைவன் அருள்செய்யக் கிளம்பியதால் கோபித்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பிக் கதவடைக்கிறாள். தூது செல்பவர் சுந்தரர். மறுநாள் கிரிவலம் முடிந்த பிறகு மறுவூடல், சமாதானம். இது நடக்கும் தெருவுக்கே திருவூடல் தெரு என்று பெயர். ஸ்ரீரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று பிரணய கலகம். உறையூர் நாச்சியாரிடம் போய்வந்த நம்பெருமாளுக்குத் தாயார் கதவைச் சாத்த, சேவிப்பவர் பார்க்க மட்டையடி நடக்கும்; நம்மாழ்வார் இடைபுகுந்து சமரசம் செய்வார். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் இருவருக்கும் சேர்த்தி சேவை.

பேச்சுத் தமிழில் ஊடல் என்ற சொல் அருகிவிட்டது. 'கோவிச்சுக்கிட்டு', 'மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு', 'முறுக்கிக்கிட்டு' என்பவையே வழக்கு. காதலுக்கு வெளியேயும் இது பரந்துவிட்டது. கல்யாண வீட்டில் முறைப்படி அழைக்கவில்லை என்று தாய்மாமன் முறுக்கிக்கொண்டால், பெரியவர்கள் இரண்டு பேர் வெற்றிலைத் தட்டோடு அவர் வீட்டு வாசலுக்குப் போவார்கள். பள்ளிப் பிள்ளைகள் சண்டை போட்டால் 'காய்' விடுவார்கள், சேர்ந்தால் 'பழம்'. துனியும் புலவியும் இல்லாத காமத்துக்குக் கனியையும் இளங்காயையும் வள்ளுவர் உவமை சொன்ன குறள் 1306.