ஹொக்கைடோக் கைதியும் சிங்கப்பூரின் நான்கு மொழிகளும்

கொழும்பு ஜிந்துப்பிட்டி முருகன் கோவிலடியிலிருந்து காலிமுகத்திடலுக்கு நடந்தே போய்விடலாம். 1956 ஜூன் 5ஆம் திகதி அந்தத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினர் அடித்து விரட்டப்பட்டனர். அன்றுதான் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டமூலம் இலங்கைப் பாராளுமன்றத்துக்கு வந்தது. இரண்டு நாள் கழித்து, ஜூன் 7இல், சிங்கப்பூரின் முதலாவது முதலமைச்சர் டேவிட் மார்ஷல் பதவி துறந்தார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிகழ்வுகள்தான். ஆனாலும் தமிழர்கள் இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மார்ஷல் தமிழரல்லர். பக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் 1908இல் சிங்கப்பூரில் பிறந்தவர். இலண்டனில் பாரிஸ்டராகித் திரும்பி வழக்காடிக்கொண்டிருந்தவர், போர் நெருங்கியபோது தொண்டர் படையில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினார். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. போர்க்கைதியானவரை ஹொக்கைடோ தீவுக்குக் கொண்டுபோய்க் கடும் குளிரில் கட்டாய வேலை வாங்கினார்கள். ஆளப்படுபவனுக்கு அவமானம் எப்படி இருக்கும் என்பதை அவர் ஏட்டில் படித்து அறியவில்லை, உடம்பால் அறிந்தார். அவருடைய அரசியலின் வேர் சட்டக் கல்லூரியைவிட அந்த முகாமில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

போருக்குப் பின் குற்றவியல் வழக்குகளில் அவருக்கு இணையில்லை என்று பேர் பெற்றார். தொழிலாளர் முன்னணியின் தலைவராக 1955 ஏப்ரல் தேர்தலில் வென்று முதலமைச்சரானபோது, வெள்ளைக்கார ஆளுநர் அவருக்கு ஒரு அலுவலக அறைகூட ஒதுக்க மனம் கொள்ளவில்லை. வெளியே மரத்தடியில் மேசை போட்டு உட்காருவேன் என்று மார்ஷல் சொன்ன பிறகே மாடிப்படிக்குக் கீழே ஒரு சிற்றறை கிடைத்தது. தேர்தலுக்கு முன்பே எம்பிரஸ் பிளேஸ் மரத்தடியில் மதிய வேளைகளில் மக்களிடம் பேசிப் பழகியவருக்கு அது வெறும் மிரட்டலன்று. குறைசொல்ல வரும் சாதாரண மக்களை நேரில் சந்திக்கும் வழக்கத்தைத் தொடக்கிவைத்தவரும் அவரே. சிங்கப்பூர் அரசியல்வாதிகள் இன்றும் அதைக் கைவிடவில்லை.

தமிழருக்கு முக்கியமானது 1956 பெப்ரவரி. அதுவரை சட்டமன்றத்தின் மொழி ஆங்கிலம் ஒன்றே. ஆங்கிலத்தோடு மலாய், மாண்டரின், தமிழ் மொழிகளிலும் உறுப்பினர் பேசலாம் என்ற தீர்மானத்தை மார்ஷல் கொண்டுவந்தார். அதே மாதம் வெளிவந்த அனைத்துக்கட்சிக் குழுவின் கல்வி அறிக்கையும் நான்கு மொழிப் பாடசாலைகளையும் சமமாக நடத்தச் சொன்னது. அன்று இந்தியர் அனைவரையும் சேர்த்தாலும் அந்தத் தீவின் மக்களில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தலையை எண்ணி மொழிக்கு இடம் கொடுப்பவர் தமிழைச் சேர்த்திருக்க மாட்டார். மூன்றே மொழி போதும் என்று விட்டிருந்தால் அவருக்குத் தேர்தலில் நட்டம் ஏதும் வந்திருக்காது. ஒரு சிறுபான்மையினர் இன்னொரு சிறுபான்மையினருக்குச் செய்த நீதி இது.

சிங்கப்பூருக்குச் சுயாட்சி கேட்டு மார்ஷல் இலண்டனில் நடத்திய பேச்சு உள்நாட்டுப் பாதுகாப்பு யார் கையில் என்ற கேள்வியில் முறிந்தது. வெற்றியோடு திரும்பாவிட்டால் விலகுவேன் என்று சொல்லியிருந்தார். விலகினார். பதினான்கு மாதம்தான் ஆண்டார். அவசரக்காரர், உணர்ச்சிவசப்படுபவர் என்று குறை சொல்வோர் உண்டு; அதில் உண்மையும் உண்டு. சொன்ன சொல்லுக்காக நாற்காலியை விட்டவர்கள் நம் அரசியலில் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்த்தால் அந்தக் குறை சிறுத்துவிடும்.

1957இல் தொழிலாளர் கட்சியை நிறுவினார். 1961இல் ஆன்சன் தொகுதி இடைத்தேர்தலில் வென்று மீண்டும் மன்றம் புகுந்தார். பின்னர் ஜூரி முறையை ஒழிக்க அரசு முனைந்தபோது கடுமையாக எதிர்த்து வாதாடித் தோற்றார். 1978இலிருந்து பிரான்சில் தூதுவராகப் பணியாற்றி, 1995இல் மறைந்தார். அவர் நிறுவிய அதே கட்சிக்காக அதே ஆன்சனில் 1981இல் வென்றவர், யாழ்ப்பாணத்தில் பிறந்த சட்டத்தரணி ஜே. பி. ஜெயரத்தினம். சுதந்திர சிங்கப்பூரில் ஆளுங்கட்சியைத் தோற்கடித்து நாடாளுமன்றம் சென்ற முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் அவர்.

இன்று சிங்கப்பூர் அரசியலமைப்பின் நான்கு அரசகரும மொழிகளில் தமிழும் ஒன்று. நம் இலங்கைத் தீவில் தமிழும் அரசகரும மொழியாகும் என்று எழுதிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987 நவம்பரில்தான் வந்தது, மார்ஷலின் தீர்மானத்துக்கு முப்பத்தோர் ஆண்டுகள் கழித்து.