பக்கவாட்டின் சாட்சியம்: சிக்மா, எச்2 ஸ்பீடு, நெடுஞ்சாலை லாரி

2016 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் பினின்ஃபரினா வைத்த எச்2 ஸ்பீடு கான்செப்ட் காருக்கு மூலம், அதே நிறுவனம் 1969இல் அதே கண்காட்சியில் வைத்த சிக்மா கிராண்ட்பிரீ பந்தயக் கார் என்பதில் தகராறு ஏதுமில்லை. நிறுவனமே அப்படித்தான் அறிவித்தது. தகராறு, பழைய காரிலிருந்து புதிய காருக்கு எது வந்து சேர்ந்தது என்பதில். வடிவமைப்பு வரலாற்றில் இதுவரை நிலைபெற்றிருக்கும் வாசிப்பு, வந்து சேர்ந்தது வடிவம் என்கிறது: சக்கரங்களுக்கிடையே புடைத்த பக்கவாட்டு, உடலோடு ஒட்டிய பின்இறக்கை, இவற்றைப் பார்க்கும் கண்ணுக்குக் கிடைக்கும் தொடர்ச்சி. இவ்வாசிப்புக்கு முதன்மைச் சான்று பக்கவாட்டுத்தான். அந்தச் சான்றையே எடுத்துக்கொண்டு, அது எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்கிறது என்று காட்ட முயல்கிறேன்.

சிக்மாவின் பக்கவாட்டை முதலில் பார்ப்போம். ஃபெராரி 312 பந்தயக் காரின் இயந்திரப் பாகங்களின் மேல், சுவிட்சர்லாந்தின் 'ஆட்டோமொபில் ரெவ்யூ' இதழின் முன்முயற்சியில், முன்னாள் பந்தய ஓட்டுநர் பால் ஃப்ரெரே முதலியோரின் ஆலோசனையோடு, பாவ்லோ மார்ட்டின் வரைந்த கார் அது. சக்கரங்கள் வெளியே தெரியும் பந்தயக் கார்களில் பெரிய ஆபத்து சக்கரத்தோடு சக்கரம் சிக்குவது. முன்னே ஓடும் காரின் பின்சக்கரத்தைக் கவனியுங்கள். அதன் பின்விளிம்பு சுழற்சியில் மேல்நோக்கியே வருகிறது. பின்னால் வரும் காரின் முன்சக்கரத்தில் அந்த விளிம்பைத் தொடும் பக்கமோ கீழ்நோக்கி இறங்குகிறது. இரண்டும் ஒட்டிய கணத்தில் பின்கார் ஏணியில் ஏறியதுபோல் மேலே தூக்கியெறியப்படும். மார்ட்டின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவிலிருந்த வெற்றிடத்தை உடலால் நிரப்பினார். வேறொரு காரின் சக்கரம் உள்ளே நுழைய அங்கே இடமில்லை. சிக்மாவின் பக்கப்புடைப்பு அழகுக்காக வந்ததன்று. அது ஒரு வேலி.

எச்2 ஸ்பீட்டின் பக்கவாட்டில் அந்த வேலிக்கு வேலை கிடையாது. சக்கரங்கள் நான்கையும் உடல் மூடியிருக்கிறது. சிக்கிக்கொள்ள வெளியே நீட்டிய சக்கரமே இல்லை. ஆனாலும் அந்தப் பக்கங்கள் அகன்றும் ஆழ்ந்தும், காற்றை விழுங்கும் வாய்களோடும் இருக்கின்றன. ஏன்? வடிவ வாசிப்பினர் இதைப் பழைய வடிவத்துக்குச் செய்த மரியாதை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஹைட்ரஜனில் ஓடும் இந்தக் காருக்குக் கிரீன்ஜிடி நிறுவனம் அமைத்துக் கொடுத்த எரிபொருள் கல அமைப்பை அவர்கள் திறந்து பார்த்திருந்தால் வேறு விடை கிடைத்திருக்கும்.

பெட்ரோல் இயந்திரம் தன் கழிவு வெப்பத்தில் பெரும்பங்கைப் புகைக்குழாய் வழியே வெளியே தள்ளிவிடும். மீதியைத் தணிக்கும் நீரும் நூறு பாகையை ஒட்டி ஓடுவதால் சுற்றுக்காற்றோடு அதற்கு வெப்ப வேறுபாடு அதிகம். சிறிய ரேடியேட்டரே போதும். எரிபொருள் கலம் இதற்கு நேர்மாறு. அது அறுபது முதல் எண்பது பாகைக்குள் இயங்குகிறது. வெளியேறும் நீராவி எடுத்துச் செல்லும் வெப்பம் சொற்பம். ஏறத்தாழ எல்லாக் கழிவு வெப்பத்தையும் ரேடியேட்டர்தான் சுமக்க வேண்டும், அதுவும் குறைந்த வேறுபாட்டில். ஜெனீவாவின் மார்ச் மாதக் குளிரில் நின்று பார்ப்பவருக்கு இது எளிதில் படாது. கத்திரி வெயிலில் விழுப்புரத்தில் நாற்பது பாகை அடிக்கும்போது கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்: எண்பது பாகைத் தணிப்பு நீருக்கும் காற்றுக்கும் இடையே மிஞ்சுவது நாற்பதுதான். 503 குதிரைத்திறன், மணிக்கு 300 கிலோமீட்டர் என்று அறிவிக்கப்பட்ட கார் அது. ரேடியேட்டர் அகலாமல் என்ன செய்யும்? பக்கவாட்டை அகலமாக்கியது மரியாதை அன்று, வெப்பவியல்.

ஆக, வடிவம் ஒத்திருக்கிறது, வேலை வேறாகியிருக்கிறது. இத்தோடு நிறுத்தினால், இரண்டு கார்களுக்கும் உறவே இல்லை என்ற முடிவுக்கு வர நேரும். நான் அப்படிச் சொல்லவில்லை. உறவு உண்டு, அது ஓரடி உள்ளே, எரிபொருள் தொட்டியில் இருக்கிறது.

சிக்மா பிறந்த காலத்தில் பந்தயக் காரின் பெட்ரோல் ஓட்டுநரின் இரு விலாப்புறமும் இருந்தது. 1967 மே மாதம் மொனாக்கோவில் லொரென்சோ பாண்டினியின் ஃபெராரி கவிழ்ந்து தீப்பிடித்தது. மூன்று நாளில் அவர் இறந்தார். 1968 ஜூலையில் ரூவானில் ஜோ ஷ்லெஸ்ஸர் காரோடு எரிந்துபோனார். சிக்மாவின் ஏற்பாடுகளை இவற்றுக்கு எதிரே வைத்துப் படிக்க வேண்டும்: ஓட்டுநரைச் சூழ்ந்த உயிர்காப்புக் கூடு, எளிதில் கிழியாத நெகிழ்தொட்டி, தானே இயங்கும் தீயணைப்புக் கருவி, பல முனைகளில் பிணைத்த இருக்கைப் பட்டை. அந்தக் கார் ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. ஆனால் அது முன்வைத்த ஏற்பாடுகள் பின்வந்த ஆண்டுகளில் ஒவ்வொன்றாகப் பந்தய விதிகளாயின. அதற்குள் 1970இல் பியர்ஸ் கரேஜும் 1973இல் ரோஜர் வில்லியம்சனும் ஸான்ட்வோர்ட் களத்தில் தீப்பிடித்த கார்களில் மாண்டார்கள். 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ரொமேன் குரோஷானின் கார் இரண்டாகப் பிளந்து தீப்பந்தாக மாறியது. கூடு குலையவில்லை, ஏறத்தாழ 28 நொடியில் அவர் நெருப்புக்குள்ளிருந்து தானே ஏறி வெளியே வந்தார். சிக்மா எழுப்பிய கேள்விக்கு அரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்த விடை அது.

ஆளைக் கொல்லக்கூடிய எரிபொருளை ஆளுக்குப் பக்கத்தில் எப்படி வைப்பது? அதே கேள்வியைத்தான் எச்2 ஸ்பீடு வேறொரு எரிபொருளை வைத்துக் கேட்கிறது. 6.1 கிலோ ஹைட்ரஜன், 700 பார் அழுத்தத்தில். பெட்ரோல் கசிந்தால் கீழே தேங்கி, விழுந்து கிடப்பவரின் அடியிலேயே எரியும். காற்றைவிடப் பதினான்கு மடங்கு இலேசான ஹைட்ரஜன் கசிந்தால் மேலே ஓடிவிடும். ஆனால் எரியும்போது பட்டப்பகலில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தொட்டியின் தத்துவமே மாறுகிறது. நெகிழ்ந்து கொடுத்தது சிக்மாவின் தொட்டி. ஹைட்ரஜன் தொட்டி கார்பன் இழையால் சுற்றப்பட்டு விறைத்து நிற்பது. 2013இல் வந்த ஐ.நா. உலகத் தொழில்நுட்ப விதி எண் 13, அது இயங்கு அழுத்தத்தைப் போல் 2.25 மடங்கு தாங்க வேண்டும் என்றது. தீ சூழ்ந்து வெப்பம் ஏறத்தாழ 110 பாகையைத் தொட்டால், வெடிக்கும் முன்பே வாயுவை வெளியே விட்டுவிடும் வால்வு ஒன்றும் அதில் உண்டு. விடை தலைகீழாகிவிட்டது, கேள்வி அப்படியே இருக்கிறது. வழித்தொடர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

வடிவமைப்பாளர்கள் இப்படி எண்ணித்தான் வரைந்தார்களா என்று கேட்கலாம். அவர்கள் மனத்துக்குள் புகுந்து பார்க்கும் உரிமை வடிவ வாசிப்பினருக்கும் கிடையாது. கிடைத்த பொருளைக் கொண்டுதான் இருவரும் வாதிடுகிறோம். சிக்மா பந்தயத்தில் ஓடாததால் அதைப் பந்தயக் கார் என்று கொள்ளலாகாது என்ற வாதத்தில் கனமில்லை. பந்தய விதிகளை மாற்றிய ஒரு காரைப் பந்தய வரலாற்றிலிருந்து தள்ளிவைத்தால் அந்த வரலாறுதான் குறைப்படும். எச்2 ஸ்பீட்டின் விற்பனை வடிவமாக 2018இல் அறிவிக்கப்பட்டவை பன்னிரண்டே கார்கள் என்பதால் இந்த ஆராய்ச்சி பணக்காரர் பொழுதுபோக்கைப் பற்றியது என்ற மறுப்புக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும். அந்த விடை சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது.

பினின்ஃபரினாவின் 76 விழுக்காட்டுப் பங்குகளை வாங்க மஹிந்திரா குழுமம் ஒப்பந்தமிட்டது 2015 டிசம்பரில்; கைமாற்றம் முடிந்தது 2016 மே மாதம். எச்2 ஸ்பீடு மேடையேறியது இவ்விரண்டுக்கும் இடையில். அக்குழுமத்தின் வாகன ஆராய்ச்சி மையம் 2012 முதல் செங்கல்பட்டை அடுத்த பரனூரில் இயங்குகிறது. அங்கிருந்து தெற்கே அதே சாலைதான் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் போகிறது. இவ்வளவையும் வைத்துச் சிக்மாவிலிருந்து பரனூருக்கு நேர்கோடு இழுக்க முடியாது, நான் இழுக்கவுமில்லை. ஆனால் மஹிந்திராவின் எக்ஸ்யுவி300 2020இலும், பரனூரில் உருவான எக்ஸ்யுவி700 2021இலும் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் பெற்றன. அச்சோதனையில் பார்ப்பது, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதியபின் ஆள் அமரும் கூடு குலையாமல் நிற்கிறதா என்பதை. அதாவது சிக்மாவின் கேள்வியை.

சிக்மாவின் பக்கவாட்டுக்கு நெருங்கிய உறவு இச்சாலையில் இன்னொன்றும் உண்டு. அதைக் கான்செப்ட் கார் ஆய்வுகள் கண்டுகொண்டதே இல்லை. லாரியின் இரு பக்கங்களிலும் பின்புறத்திலும் இருக்கும் தடுப்புக் கம்பியைச் சொல்கிறேன். நின்றிருந்த லாரியின் பின்னால் கார் மோதியது என்ற செய்தி விழுப்புரம் மாவட்டப் பக்கங்களில் ஓயாமல் வருகிறது. காரின் மூக்கு லாரியின் அடியில் நுழைந்துவிட்டால், மோதலைத் தாங்க வேண்டிய முன்பகுதிக்கு வேலையே வராது. லாரியின் தளம் நேரே கண்ணாடி மட்டத்துக்கு, அதாவது தலை மட்டத்துக்கு வந்து நிற்கும். ஐந்து நட்சத்திரக் கூட்டுக்கும் இது பெரும் சோதனை. பின்தடுப்புக்கு ஐ.எஸ். 14812 என்றும் பக்கத் தடுப்புக்கு ஐ.எஸ். 14682 என்றும் இந்தியத் தரங்கள் உண்டு. அவை சொல்வது மார்ட்டின் 1969இல் சொன்னதையே: மற்றொரு வண்டி உள்ளே நுழைய இடம் கொடுக்காதே.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வரிசை நிற்கும்போது லாரிகளின் பின்புறத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். ஒன்றில் கம்பி உள்ளே வளைந்து டயரைத் தொட்டுக்கொண்டிருக்கும். இன்னொன்றில் மேட்டில் ஏறும்போது இடிக்கிறது என்று மேலே தூக்கிப் பற்றவைத்திருப்பார்கள். கார் தாராளமாக அடியில் போகும். மூன்றாவதில் கம்பி இருந்த இடத்தில் அறுத்த தழும்பு மட்டும் இருக்கும், அதன்மேல் புதுப் பெயின்ட். ஒவ்வொன்றும் வடிவமைப்பு வரலாற்றுக்கு ஓர் ஆவணம்: ஒரு பாதுகாப்புக் கருத்து பட்டறையில் என்ன ஆகிறது என்பதைக் கண்காட்சி மேடையில் நிற்கும் எந்தக் காரையும்விடத் துல்லியமாகக் காட்டுவது. 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். அடிபட்டவர்களைச் சுமந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரையும் ஆம்புலன்ஸ்கள் இந்தச் சுங்கச்சாவடிப் பக்கம்தான் ஓடுகின்றன. பாதுகாப்புக்கென்றே பிறந்த ஒரு காரின் வரலாற்றை எழுதுபவர் இதைத் தவிர்த்துவிட்டு வளைகோடுகளின் நயத்தைப் பேசுவது என்னால் ஏற்க இயலாதது.

ஆகவே இருவரிடம் ஒரு வேண்டுகோள். கான்செப்ட் கார்களை ஆராய்பவர்கள் கண்காட்சிப் படங்களுக்குக் கொடுக்கும் இடத்தை மோதல் சோதனை அறிக்கைகளுக்கும் தரக் குறிப்புகளுக்கும் கொடுக்க வேண்டும். திண்டிவனம், விழுப்புரம் பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர்கள், இச்சாலையில் ஓடும் லாரிகளின் தடுப்புக் கம்பிகளை அளந்து, படமெடுத்து, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கின்றன என்று பதிவு செய்யும் பணியை மாணவர் ஆய்வேடாக ஏற்க வேண்டும். ஓர் அளவு நாடாவும் ஒரு கேமராவும் போதும். லாரிகள் சுங்கச்சாவடியில் நாள் முழுக்க நிற்கின்றன.