சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு வலைப்பக்கம்

சுவிட்ச் என்றதும் சுவரில் இருக்கிற லைட் சுவிட்சை நினைத்துவிட வேண்டாம். அலுவலகத்திலோ கல்லூரியிலோ ஒரு மூலையில், பூட்டுப் போட்ட கண்ணாடிக் கதவு அலமாரிக்குள், பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டு ஒரு தட்டையான பெட்டி இருக்குமே, அதைச் சொல்கிறேன். கட்டடத்தில் உள்ள கணினிகளின் கேபிள்கள் வந்து சேரும் இடம் அது. மாடிக்கு ஒன்றாகப் பத்துப் பெட்டி இருந்தால், அந்தப் பத்தும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். இவற்றை ஒரு பிரவுசரில் படமாகப் பார்த்து மவுஸால் சொடுக்கி நிர்வகிக்கலாம் என்கிற யோசனை எங்கே ஆரம்பித்து எங்கே வந்து நிற்கிறது என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். சேர்ந்த குறிப்புகள் கீழே.

இதெல்லாம் கம்ப்யூட்டர்காரங்க சமாச்சாரம், நமக்கென்னன்னு தாண்டிப் போயிட வேண்டாம். ஒரு பெரிய ஆஸ்பத்திரி நான்கு நாள் காகிதத்துக்குத் திரும்பிய கதையும், பல்லாயிரம் கருவிகளுக்குள் வெளியாள் புகுந்த கதையும் இதற்குள்தான் இருக்கு.

முதலில் பெட்டி. பல போர்ட் கொண்ட ஈதர்நெட் சுவிட்சை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது சிலிக்கான் பள்ளத்தாக்கில் இருந்த கல்பனா என்ற சிறு நிறுவனம், 1990 வாக்கில். நிறுவியவர்களில் ஒருவர் வினோத் பரத்வாஜ். கம்பெனிக்குத் தன் மனைவியின் பெயரையே வைத்துவிட்டார். நம்ம 'கற்பனை'தான் அந்தப் பெயர். 1993ல் கிரெசெண்டோ, 1994ல் கல்பனா என்று அடுத்தடுத்து சிஸ்கோ வாங்கிப்போட்டது. சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் வரிசை சுவிட்சுகள் இப்படி வாங்கிய சரக்கில் இருந்து முளைத்தவை.

அதற்கு முன் இருந்த 'ஹப்' ஒரு அசட்டுப் பெட்டி. ஒருத்தர் பேசினால் எல்லார் காதிலும் விழும். சுவிட்ச் அப்படி இல்லை. எந்தக் கணினி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளும். கடிதத்தை உரியவருக்கு மட்டும் கொடுக்கும். பெட்டிக்குள் பட்டியல் வந்ததும், அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டிய தேவையும் வந்தது.

எப்படிப் பார்ப்பது? கன்சோல் கேபிளைக் கொண்டுபோய்ப் பெட்டியில் செருகி, கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். இல்லாவிட்டால் டெல்நெட் வழியாகத் தூரத்தில் இருந்து அதே கட்டளைகள். ஒரு நேரத்தில் ஒரு பெட்டி. எந்தப் பெட்டி எதோடு சேர்ந்திருக்கிறது என்ற முழுப்படம் ஒருத்தர் தலைக்குள் மட்டும் இருக்கும். அவர் லீவு போட்டால் நெட்வொர்க்கும் லீவு போடும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ரேக் கதவின் உள்பக்கம் செல்லோடேப்பில் ஒட்டிய வரைபடம் ஒன்று இருந்தது. அதற்கப்புறம் கட்டடத்தில் இரண்டு மாடி எழும்பிவிட்டது, வரைபடம் அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

கட்டளை தட்டாமல் பெட்டியிடம் நேரடியாகக் கேள்வி கேட்கும் முறை 1988ல் வந்தது. எஸ்என்எம்பி என்று பெயர். முதல் எழுத்தே 'சிம்பிள்'. ஜெஃப்ரி கேஸ், மார்க் ஃபெடோர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால், ஜேம்ஸ் டாவின் ஆகிய நாலு பேர் எழுதினது. ஏழாம் போர்ட்டில் இதுவரை எத்தனை பைட் போயிருக்கு என்று கேட்டால் ஓர் எண் பதிலாக வரும், அவ்வளவுதான். இதற்குப் போட்டியாகப் பெரிய தர நிர்ணய அமைப்புகள் சிஎம்ஐபி என்று ஒரு பிரமாண்டத்தைக் கட்டிக்கொண்டிருந்தன. 1988 ஏப்ரலில் விண்ட் செர்ஃப் எழுதிய ஆவணம், இப்போதைக்கு எளியதை வைத்துக்கொள்வோம், பிறகு பெரியதுக்கு மாறிக்கொள்ளலாம் என்று வழி சொன்னது. 'இப்போதைக்கு' என்று வைத்ததுதான் இன்னும் ஓடுகிறது. எளிமைக்குக் கொடுத்த விலை என்னவென்றால், அதன் பழைய பதிப்புகளில் பாஸ்வேர்ட் மாதிரியான சொல் கேபிளில் அப்படியே வெளிச்சமாகப் போகும். பல பெட்டிகளில் அந்தச் சொல் 'பப்ளிக்' என்றே இருக்கும். திண்ணையில் சாவி வைத்துவிட்டுப் போவது போல.

எண்களைப் படமாக்கி வலைப்பக்கத்தில் வைத்தவர்களில் முக்கியமானவர் டோபி ஓட்டிகர். 1994ல் அவர் வேலை பார்த்த இடத்துக்கு வெளியுலகத் தொடர்பு ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். மெதுவாக இருக்கு, மெதுவாக இருக்கு என்று எல்லோரும் புலம்ப, எவ்வளவுதான் நிரம்புது என்று எல்லோருமே பார்த்துக்கொள்ளட்டும் என ஒரு சிறு நிரல் எழுதினார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எஸ்என்எம்பியில் எண்ணைக் கேட்டு, வரைபடமாக்கி, பக்கத்தில் போடும். 1995ல் எம்ஆர்டிஜி என்று வெளியிட்டார், இலவசமாக. பச்சையும் நீலமுமான அந்த வரைபடங்களை அந்தக் காலத்து நெட்வொர்க்காரர் யாரைக் கேட்டாலும் ஞாபகம் வைத்திருப்பார். என் கணக்கில் இந்தக் கதையின் நல்லவன் எம்ஆர்டிஜிதான். அது பார்க்க மட்டுமே செய்தது, எதையும் தொடவில்லை. அதுவும் பெட்டிக்கு வெளியே, வேறொரு கணினியில் இருந்தபடி.

அடுத்து கம்பெனிகள் செய்தது வேறு. வலை சர்வரையே பெட்டிக்குள் வைத்தார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். அதுவரை நெட்வொர்க்கை முழுப்படமாகக் காட்டும் மென்பொருள் என்றால் எச்பி ஓபன்வியூ போன்றவை. அதற்கென்று ஒரு யூனிக்ஸ் கணினியும் கணிசமான பணமும் வேண்டும். பிரவுசரோ எல்லா மேஜையிலும் வந்துவிட்டது. பெட்டியின் ஐபி முகவரியைத் தட்டினால் போதும்.

இதன் உச்சம் என்று நான் நினைப்பது சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2900 எக்ஸ்எல், 3500 எக்ஸ்எல் சுவிட்சுகளோடு 1990களின் கடைசியில் வந்த கிளஸ்டர் மேலாண்மைத் தொகுப்பு. 16 சுவிட்ச் வரை ஒரு குழுவாகச் சேர்க்கலாம். ஒன்று தலைமை; ஐபி முகவரி அதற்கு மட்டும் இருந்தால் போதும். பிரவுசரில் அதைத் திறந்தால் எல்லாப் பெட்டிகளின் முகப்பும் அச்சு அசலாகப் படமாக வரும். அலமாரியில் எரியும் பச்சை விளக்கு இங்கே திரையிலும் பச்சையாக இருக்கும். போர்ட்டின் மேல் சொடுக்கி அதை மூடலாம், திறக்கலாம், வேறு குழுவுக்கு மாற்றலாம். இன்னொரு திரையில் எந்தப் பெட்டி எதோடு பிணைந்திருக்கிறது என்ற வரைபடம். செல்லோடேப் வரைபடத்தைப் பார்த்தவனுக்கு இதன் அருமை தெரியும்.

வரைபடம் எப்படி வருது? அங்கேதான் சுவாரசியம். ஒவ்வொரு சிஸ்கோ பெட்டியும் 60 விநாடிக்கு ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரிடம், நான் இன்னார், இந்தப் போர்ட்டில் இருந்து பேசுகிறேன் என்று சொல்லும். சிடிபி என்று பெயர். தலைமைப் பெட்டி முதலில் தன் அண்டை வீட்டாரை அறியும். பிறகு அவர்கள் மூலமாக அவர்களுடைய அண்டை வீட்டாரை. அதாவது, வரைபடம் முழுக்கக் காதுவழிச் செய்தி. நடுவில் வேறு கம்பெனி சுவிட்ச் ஒன்று இருந்தால் அது இந்தச் செய்தியைப் புரிந்துகொள்ளாமல் அப்படியே கடத்திவிடும். அதனால் இரு பக்கமும் உள்ள சிஸ்கோ பெட்டிகள் தங்களுக்குள் நேரடி கேபிள் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். நடுவில் இருப்பவர் படத்திலேயே இல்லை. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எல்எல்டிபி என்ற முறை 2005ல்தான் தரமாக வந்தது.

படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது நம் மேஜைக்கு வருவது அந்தப் படத்தில் இருக்கிற அதே கேபிள்கள் வழியாகத்தான். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை பாஸ்டனில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் கதையில் இருந்து விளங்கிக்கொள்ளலாம்.

சுவிட்சுகளை வட்டமாகப் பிணைத்துவிட்டால் ஆபத்து. எல்லோருக்குமான ஒரு செய்தி சுற்றிச் சுற்றி வந்து, ஒன்று இரண்டாகி, இரண்டு ஆயிரமாகி, கேபிள்களை நிரப்பிவிடும். ஈதர்நெட் செய்திக்கு ஆயுள் முடிவு என்று ஒன்று கிடையாது. இதைத் தடுக்க 1985ல் ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி ஸ்பானிங் ட்ரீ என்ற முறையைக் கண்டுபிடித்தார். சுவிட்சுகள் இரண்டு விநாடிக்கு ஒருமுறை பேசிக்கொண்டு, வட்டம் உண்டாக்கும் வழியை மூடி வைத்திருக்கும். அந்தப் பேச்சு 20 விநாடி காதில் விழாவிட்டால், மெயின் வழி அறுந்துவிட்டது போலிருக்கே என்று மூடிய வழியைத் திறக்கக் கிளம்பிவிடும். வழி அறுந்திருந்தால் அது காப்பாற்றும். நெரிசலில் பேச்சு காணாமல் போயிருந்தால்? திறந்த வழியே வட்டமாகும், வட்டம் மேலும் நெரிசலாகும். இதனால்தான் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்கு ஏழு சுவிட்சுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு சொல்லி வைத்திருந்தார்கள்.

1996ல் இரண்டு மருத்துவமனைகள் சேர்ந்து உருவானது இந்த நிறுவனம். தேவைக்கேற்ப ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வளர்ந்த நெட்வொர்க், அந்த வரம்பைத் தாண்டியிருந்தது. 2002 நவம்பர் 13 அன்று பெரிய தரவுச் சுமை ஒன்று ஓடியபோது எல்லாம் சரிந்தது. எழுந்து நிற்பதும் விழுவதுமாக நான்கு நாள். பரிசோதனைச் சீட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். மருந்துக் குறிப்புகள் காகிதத்தில். சிஸ்கோ தன் பொறியாளர்களையும் கருவிகளையும் அனுப்பிவைத்தது. தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜான் ஹலம்கா எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் வெளியே சொன்னார். இன்றைக்கும் இந்தத் துறையில் பாடமாகப் படிக்கிற கதை இது, அவருக்கு அந்தப் பெருமை உண்டு.

இப்படி ஒரு நெரிசலில் மேலாண்மைப் பக்கத்தைத் திறந்தால் பக்கமே வராது. எது தேவையோ அது, தேவைப்படும் நேரத்தில் கிடைக்காது. அதனால்தான் மேலாண்மைக்கென்று தனி கேபிள், தனிப் பாதை போடுகிறவர்கள் போடுகிறார்கள். மற்றவர்கள் கன்சோல் கேபிளோடு மாடி ஏறுகிறார்கள்.

அடுத்து வாசல் கதை. பெட்டிக்குள் வலை சர்வர் இருந்தால் அது ஒரு வாசல். 2000ல் சிஸ்கோ பெட்டிகளுக்கு வந்த சங்கடம் சிரிப்பு வரவைக்கும்: முகவரியில் இரண்டு சதவிகிதக் குறிகளை அடுத்தடுத்துப் போட்டால் பெட்டி படுத்துவிடும். 2001 ஜூனில் வெளியானதோ சிரிக்கிற விஷயமில்லை. அந்தப் பெட்டிகளில் அதிகாரம் 0 முதல் 15 வரை. 15 என்றால் முழு ராஜா. முகவரியில் 16 முதல் 99 வரை ஏதோ ஓர் எண்ணை அதிகார நிலையாக எழுதினால், குறிப்பிட்ட அமைப்புகளில், பாஸ்வேர்டே கேட்காமல் ராஜாவாக உள்ளே விட்டது. எந்த எண் வேலை செய்யும் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். எண்பத்துநாலு எண்ணையும் முயன்றுபார்க்க எவ்வளவு நேரமாகும்?

நடுவில் அந்த அழகான கிளஸ்டர் பக்கத்துக்கு வேறுவிதமாக வயதானது. அது ஓட பிரவுசரில் ஜாவா செருகுநிரல் வேண்டும். 2015ல் குரோம் அதைக் கைவிட்டது. 2018ல் வந்த ஜாவா 11ல் அந்தச் செருகுநிரலே இல்லை. பழைய சுவிட்ச் இன்னும் பச்சை விளக்கோடு உழைத்துக்கொண்டிருக்கும், பக்கம் மட்டும் இன்றைய பிரவுசரில் திறக்காது. அதற்கும் முந்தைய கன்சோல் கேபிளோ போட்டால் உடனே பேசுது. இடைப்பட்ட காலத்தில் மெராக்கி மாதிரியான நிறுவனங்கள் பக்கத்தைப் பெட்டியில் இருந்து எடுத்து இணையத்தில் உள்ள தங்கள் சர்வரில் வைத்துவிட்டன. சிஸ்கோ 2012ல் 120 கோடி டாலர் கொடுத்து அதையும் வாங்கியது. எங்கே இருந்தும் பார்க்கலாம், வசதிதான். ஆனா காசு கொடுத்து வாங்கின பெட்டிக்கு உரிமக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்கணும் என்பது எனக்கு ஒப்பவில்லை.

கடைசியாக 2023. அக்டோபர் 16ஆம் தேதி சிஸ்கோ ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஐஓஎஸ் எக்ஸ்ஈ மென்பொருள் ஓடும் ரூட்டர், சுவிட்சுகளின் வலைப்பக்கம் வழியாக, பாஸ்வேர்ட் எதுவும் தெரியாத வெளியாள் 15ஆம் நிலைக் கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொள்ள முடியும். சிவிஇ-2023-20198, ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. செப்டம்பரிலேயே ஆள் புகுந்தாயிற்று. சிஸ்கோவின் உதவிப் பிரிவு போலத் தோன்றும் பெயர்களில் கணக்குகள் திறந்திருந்தார்கள். அதை வைத்து ஒரு சிறு நிரலையும் உள்ளே நட்டிருந்தார்கள். பெட்டியை அணைத்துப் போட்டால் நிரல் போய்விடும், கணக்கு போகாது.

திருத்தப்பட்ட மென்பொருள் வரும்வரை சிஸ்கோ சொன்ன வழி, இணையத்தை நோக்கி இருக்கும் பெட்டிகளில் வலை சர்வரையே நிறுத்திவிடுங்கள் என்பது. அதற்கான இரண்டு கட்டளைகள், கறுப்புத் திரையில் தட்ட வேண்டியவை.

வெளியில் இருந்து ஆராய்ந்தவர்கள் பாதிக்கப்பட்ட பெட்டிகளை எண்ணிக்கொண்டே இருந்தார்கள். எண்ணிக்கை நாற்பதாயிரம் வரை போனது. பிறகு அந்த வார இறுதியில் ஒரேயடியாகச் சில நூறுக்கு இறங்கியது. ஊர் முழுக்கச் சுத்தம் பண்ணிட்டாங்க போலன்னு கொஞ்சப் பேர் நினைத்தார்கள். ஒன்றிரண்டு நாளில் ஃபாக்ஸ்-ஐடி என்ற டச்சு நிறுவனம் காரணத்தைக் கண்டுபிடித்தது. புகுந்தவர்கள் நிரலை மாற்றியிருந்தார்கள்: தங்களுக்குத் தெரிந்த ரகசியச் சொல்லோடு கேட்டால் மட்டும் பதில் சொல்லு, மற்றவர் தட்டினால் வாயைத் திறக்காதே என்று. பெட்டிகளுக்குள் அது அப்படியேதான் இருந்தது.