ஐரோப்பிய ஒன்றிய விரிவாக்கமும் மக்கள் ஒப்புதலும்: அயர்லாந்தின் நீஸ் வாக்கெடுப்புகள் (2001, 2002)

முன்னுரை

நாடுகள் பல கூடி அமைத்த ஒன்றியம் புதிய உறுப்பினர்களைச் சேர்க்க முனையும்போது, அம்முடிவை எடுக்கும் உரிமை யாருக்குரியது எனும் வினா எழுகின்றது. 1967இல் ஐந்து நாடுகளோடு தோன்றிய ஆசியான், 2025 அக்டோபரில் கோலாலம்பூர் மாநாட்டில் திமோர் லெஸ்தேயைப் பதினோராம் உறுப்பினராக ஏற்றது. அவ்வமைப்பு அரசுகளின் இணக்கத்தால் வளர்ந்ததேயன்றி, பழைய உறுப்பு நாட்டு மக்களின் வாக்கால் வளர்ந்ததன்று. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பெரும்பாலும் இதுவே நடைமுறை. எனினும், 2004இல் பத்து நாடுகளை ஒருங்கே சேர்த்த பெருவிரிவாக்கத்திற்கு முன்னர், அதற்கு வழிவகுத்த நீஸ் உடன்படிக்கையை அயர்லாந்து தன் மக்கள் முன் வைத்தது. மக்கள் முதலில் மறுத்து, பின்னர் ஏற்றனர். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

வாக்கெடுப்பின் சட்டப் பின்னணி

நீஸ் உடன்படிக்கை 2001 பிப்ரவரி 26இல் கையெழுத்தானது. பதினைந்து உறுப்பினர்களுக்கென அமைந்த நிறுவனங்களை இருபத்தைந்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுக்கு ஏற்றவாறு திருத்துவதே அதன் நோக்கமாகும். அமைச்சரவையில் நாடுகளுக்குரிய வாக்குகளின் எடையும், ஐரோப்பிய ஆணையத்தில் அவற்றுக்குரிய இடங்களும் மாற்றியமைக்கப்பட்டன. பிற பதினான்கு நாடுகளும் இதனை நாடாளுமன்ற வழியிலேயே ஏற்றன. அயர்லாந்தில் அது போதவில்லை. பொருளியலறிஞர் ரேமண்ட் கிராட்டி தொடுத்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1987இல் வழங்கிய தீர்ப்பே இதற்குக் காரணம். அதன் பின்னர், நாட்டின் இறையாண்மையைத் தொடும் ஐரோப்பிய உடன்படிக்கைகளுக்கு அரசியலமைப்புத் திருத்தமும், அதற்குரிய மக்கள் வாக்கெடுப்பும் தேவையாயின.

முதல் வாக்கெடுப்பு

2001 ஜூன் 7இல் நடந்த வாக்கெடுப்பில் 453,461 பேர் ஆதரித்தனர். 529,478 பேர் எதிர்த்தனர். எதிர்ப்பு 53.87 விழுக்காடு. அதனினும் கருதத்தக்கது, வாக்களித்தோர் 34.79 விழுக்காட்டினர் மட்டுமே என்பதாகும். மரண தண்டனைத் தடை, அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் ஆகியன பற்றிய திருத்தங்கள் அதே நாளில் மக்களின் ஒப்புதலைப் பெற்றன. எனவே, வாக்குச்சாவடிக்கு வந்தோர் அரசு முன்வைத்த அனைத்தையும் மறுத்துவிட்டனர் எனக் கொள்வதற்கில்லை.

எதிர்ப்பின் காரணங்கள் பலவாகும். ஆணையத்தில் சிறிய நாடுகள் நிலையான இடத்தை இழக்கும் எனும் அச்சம் இருந்தது. ஐரோப்பிய விரைவுப் படையால் நாட்டின் நடுநிலைக் கொள்கை சிதையும் எனும் ஐயமும் இருந்தது. ஷின் ஃபேன் கட்சியும் பசுமைக் கட்சியும் இவற்றை வலியுறுத்தின. உடன்படிக்கையின் மொழியோ பொதுமக்களுக்கு எளிதில் விளங்கவில்லை. தெரியாவிட்டால் வேண்டாமென வாக்களிக்குமாறு கூறிய முழக்கம் இச்சூழலில் எடுபட்டது. அரசுத் தரப்பின் பரப்புரையோ மந்தமாகவே இருந்தது.

இடைப்பட்ட பதினாறு மாதங்கள்

தோல்விக்குப் பின் மூன்று பணிகள் மேற்கொள்ளப்பட்டன. முதலாவது, விவாதக் களம். 2001 அக்டோபரில் ஐரோப்பா குறித்த தேசிய மன்றம் டப்ளினில் தொடங்கப்பெற்றது. மாரிஸ் ஹேய்ஸ் தலைமையேற்ற இம்மன்றத்தில் எதிர்ப்பாளர்களுக்கும் இடமளிக்கப்பட்டது. அதன் கூட்டங்கள் தலைநகருக்கு வெளியேயும் நடைபெற்றன. இரண்டாவது, அச்சத்திற்கு விடையளித்தல். 2002 ஜூனில் செவில் நகரில் கூடிய தலைவர்கள் அயர்லாந்தின் நடுநிலைக் கொள்கையை ஏற்று அறிக்கை வெளியிட்டனர். நாடு பொதுப் பாதுகாப்பு அமைப்பில் சேர்வதைத் தடுக்கும் விதியும் திருத்த வரைவில் சேர்க்கப்பட்டது. மூன்றாவது, பரப்புரை. பெர்ட்டி அஹெர்ன் அரசு 2002 மே தேர்தலில் மீண்டும் வென்றபின் முனைப்போடு இறங்கியது. கட்சி சாராக் குழுக்களும் களம் கண்டன. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் பிரிஜிட் லாஃபன் அவற்றுள் ஒன்றை வழிநடத்தினார்.

இரண்டாம் வாக்கெடுப்பு

2002 அக்டோபர் 19இல் 62.89 விழுக்காட்டினர் ஆதரித்தனர். வாக்களித்தோர் 49.47 விழுக்காடாக உயர்ந்தனர். எண்ணிக்கையை நோக்கின் உண்மை மேலும் தெளிவாகும். எதிர்ப்பு வாக்குகள் 534,887. அதாவது முன்னையதினும் 5,409 மிகுதி. ஆதரவு வாக்குகளோ 906,317. ஏறத்தாழ இரு மடங்கு. எந்தத் தனிமனிதரும் மனம் மாறவில்லை என இம்மொத்தத் தொகைகள் மெய்ப்பிக்கமாட்டா. ஆயினும், எதிர்ப்பாளர் தொகை குறையவேயில்லை என்பது உறுதி. முதன்முறை வீட்டிலிருந்தோர் வெளியே வந்ததே வெற்றியைத் தந்தது எனலாம்.

இவ்வெற்றியின் மீது ஒரு குறை சாற்றப்படுவதுண்டு. வேண்டிய விடை கிடைக்கும்வரை வினவுதல் மக்களாட்சி ஆகுமா என்பதே அது. லிஸ்பன் உடன்படிக்கையும் 2008இல் மறுக்கப்பட்டு 2009இல் ஏற்கப்பட்டபோது இக்குறை வலுப்பெற்றது. ஒரே வினா இருமுறை கேட்கப்பட்டது என்பது முழு உண்மையன்று. 2002இல் நடுநிலை பற்றிய விதி புதிதாக இணைந்திருந்தது. எனினும், ஏற்பு முதன்முறையே கிடைத்திருப்பின் மறுவாக்கெடுப்பு நடந்திராது என்பதும் மறுக்கவியலாதது.

முடிவுரை

2004 மே 1இல் புதிய பத்து நாடுகளை வரவேற்கும் விழா, ஒன்றியத்தின் அவைத் தலைமையை அப்போது வகித்த அயர்லாந்தின் தலைநகரில் நடந்தேறியது. பிரிட்டன், சுவீடன் ஆகியவற்றோடு அயர்லாந்தும் அந்நாளிலேயே புதிய நாட்டுத் தொழிலாளர்க்கு வாயில் திறந்தது. பிரான்சும் நெதர்லாந்தும் 2005இல் ஐரோப்பிய அரசியலமைப்பு உடன்படிக்கையை வாக்கெடுப்பில் மறுத்தன. ஒன்றியத்தில் சேரும் இலக்கை அரசியலமைப்பில் பொறிக்க மால்டோவா 2024இல் நடத்திய வாக்கெடுப்போ 50 விழுக்காட்டைச் சற்றே தாண்டி நிறைவேறியது. மக்கள் ஒப்புதலை முன்னதாகவே கிடைத்ததாகக் கொள்ளலாகாது என்பதை இவை காட்டுகின்றன. அயர்லாந்தில் அவ்வொப்புதல், எதிர்ப்போரின் அச்சத்தை மதித்து விடையளித்ததாலும், ஒதுங்கியிருந்தோர்க்குப் பொருளை விளக்கியதாலும் கிட்டியது. அப்பணி முதல் வாக்கெடுப்பிற்கு முன்பே நடந்திருப்பின், இரண்டாவது தேவைப்படாமலே போயிருக்கக்கூடும்.